கதவோர வரிசை

தொழவைக்க முன்னால் நிற்பவருக்கு நாக்கு சுத்தமாக இருந்தால் போதும் என்றுதான் மாலின் பத்துவா நினைத்திருந்தார். வயிறும் சொன்னபடி கேட்க வேண்டும் என்பது நாற்பது வயதுக்கு மேல்தான் அவருக்குத் தெரிந்தது.

பிறந்தபோது வைத்த பெயர் மர்தியுஸ். எங்கள் பக்கத்தில் கல்யாணமான ஆணைப் பட்டப்பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள் என்பதால், தாலாட்டிய தாயைத் தவிர அந்தப் பெயர் இப்போது யாருக்கும் ஞாபகம் இல்லை. பகலில் தையல் கடை. தொழுகை நேரம் வந்தால் ஊர்ப் பள்ளிவாசலில் இமாம். சம்பளம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் முன்னால் விரித்த அந்தப் பச்சை விரிப்பில் ஏறி நின்று, பின்னால் வரிசைகள் சரிசெய்துகொள்ளும் கால் சத்தத்தைக் கேட்கும்போது அவருக்கு வரும் நிம்மதி வேறு எங்கேயும் வந்ததில்லை. அதை இழப்பதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

வயிறு கெட்டு மூன்று வருடம் ஆகிறது. ஒரு நாள் இளகும், அடுத்த நாலு நாள் கல்லாகும். எந்நேரமும் உப்பிக்கொண்டு, உள்ளே யாரோ தட்டுமுட்டுச் சாமான்களை இடம் மாற்றுவதுபோல உருளும். பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தார்கள், இரத்தம் எடுத்தார்கள், கடைசியில் "ஒன்னுமில்ல, எல்லாம் நல்லா இருக்கு" என்று அனுப்பிவிட்டார்கள். ஒன்றுமில்லாததற்கா இத்தனை பாடு என்று மாலினுக்கு எரிச்சல்தான் வந்தது.

வலியைக்கூடப் பொறுத்துக்கொள்வார். காற்றுதான் அவருக்கு எமன். கை, கால், முகம் கழுவி ஒளு செய்துவிட்டுத் தொழுகையில் நிற்கும்போது காற்றுப் பிரிந்தால் ஒளு முறிந்துவிடும். மற்றவர்கள் நைசாக நழுவிப் போய் மறுபடி கை கால் கழுவிக்கொண்டு வந்துவிடலாம். இமாம் நழுவ முடியாது. பின்னால் நிற்பவர் ஒருவரின் கையைப் பிடித்து இழுத்துத் தன் இடத்தில் நிறுத்திவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு விலக வேண்டும். மூக்கில் இரத்தம் வந்துவிட்டது என்று பார்க்கிறவர்கள் எண்ணிக்கொள்ளட்டும், மனிதனின் மானம் தப்பட்டும் என்று பெரியவர்கள் கருணையோடு காட்டிக் கொடுத்த வழி. ஆனால் எங்கள் ஊர் அதை நம்பிவிடுமா? ஒருவர் இரண்டு தரம் தும்மினாலே மூன்றாம் தெருவில் மருந்து காய்ச்சும் ஊர் இது.

அதனால் மாலின் தொழுகையைச் சுருக்கினார். நீளமான அத்தியாயங்கள் போய்ச் சின்னச் சின்ன அத்தியாயங்கள் வந்தன. ஊர் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. காப்பிக்கடை புஸ்தமாம் மட்டும் வாய்விட்டே பாராட்டினார்.

"மாலின் பின்னால தொழுறதுல ஒரு சௌகரியம். காப்பிய ஊத்தி வச்சிட்டுப் போய்த் தொழுதுட்டு வந்தா, குடிக்கிற சூட்டுல இருக்கு."

கடை முழுவதும் சிரித்தது. மாலினும் சிரித்து வைத்தார். புஸ்தமாமை அவருக்கு எப்போதுமே பிடிக்காது. பள்ளிவாசல் பாதி காலியாக இருந்தாலும் அந்த மனிதர் கடைசி வரிசையில், கதவை ஒட்டித்தான் நிற்பார். சோம்பேறித்தனம், தொழுகை முடிந்ததும் முதல் ஆளாய் ஓடத்தான் இந்த ஏற்பாடு என்பது மாலினின் தீர்ப்பு. அதனால் ஒவ்வொரு தொழுகைக்கும் முன்பு, வரிசையை நேராக்கச் சொல்லும்போதே ஒரு குத்தும் வைப்பார்: "முன்னால் இடம் இருக்கிறது. செருப்புக்குக் காவல் வந்தவர்கள் மாதிரி கதவோரம் நிற்காதீர்கள்." புஸ்தமாம் அசைய மாட்டார்.

ரமலானுக்கு இரண்டு மாதம்கூட இல்லை. ரமலான் வந்தால் இரவுதோறும் தராவீஹ் தொழுகை. ஒரு மணி நேரத்துக்கும் மேல் நின்று, குனிந்து, நெற்றியைத் தரையில் வைத்துத் தொழவைக்க வேண்டும். குனியும்போதுதான் வயிறு காலை வாரும்.

"இந்த வருஷம் தாக்குப்பிடிக்க முடியலேன்னா, பெருநாளோட வெலகிக்கிறேன்" என்று மனைவி யூலினாரிடம் மட்டும் சொன்னார்.

"வெலகிட்டு?"

"துணி தைக்கிறேன்."

அவர் சொன்ன விதத்தைக் கேட்டு யூலினாருக்கு அழுகை வந்தது. மறுநாளே விசாரித்து, பாயாகும்பு நகரத்தில் ஒரு டாக்டரம்மாவைக் கண்டுபிடித்தாள். பெயர் எர்னிதா. முறையாக டாக்டருக்குப் படித்துவிட்டு, மாத்திரை எழுதுவதைக் குறைத்து, சாப்பாடு, தூக்கம், கவலை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து வைத்தியம் செய்கிறவர். மாமியார் ரோஸ்மானியாரும் கூடக் கிளம்பிவிட்டார். மாப்பிள்ளையின் வயிறு அவர் வீட்டுச் சோற்றில் வளர்ந்த வயிறு. அதை வேறொருத்தி விசாரிப்பதை அவர் எப்படிப் பார்க்காமல் இருப்பார்?

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து வாழ்வார். இருபது வருடம் ஆனாலும் அவர் விருந்தாளி. மாமியார் அவரிடம் நேருக்கு நேர் பேச மாட்டார். சொல்ல வேண்டியதை மகளிடமோ, மகள் இல்லாவிட்டால் சட்டியிடமோ சொல்வார். மாப்பிள்ளையும் சோற்றைக் குறை சொல்ல மாட்டார். உப்பில்லாவிட்டாலும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவர்தான் நல்ல மாப்பிள்ளை. மாலின் மிக நல்ல மாப்பிள்ளை.

எர்னிதா அவசரப்படவில்லை. எப்போது எழுந்திருக்கிறீர்கள், எப்படி மெல்லுகிறீர்கள், சின்ன வயதில் நிறைய மருந்து சாப்பிட்டீர்களா என்று கேட்டுக்கொண்டே போனார். இதுவரை என்ன வைத்தியம் செய்தீர்கள் என்றதும் மாமியார் பெருமையாகப் பையைத் திறந்து மேஜைமேல் பரப்பினார். கொய்யாத் தளிர், கத்தக்காம்பு, மஞ்சள் கரைத்த தண்ணீர், பப்பாளி விதைப் பொடி, தேன்.

"எல்லாத்தையுமா குடிச்சீங்க?" என்றார் எர்னிதா.

"கொடுக்கிறவங்க மனசு நோகக்கூடாதுன்னு..." என்று இழுத்தார் மாலின்.

"காலையில கட்டுறதுக்கு ஒன்னு, சாயந்தரம் இளக்குறதுக்கு ஒன்னு. பாவம், குடல் யாரு பேச்சத்தான் கேக்கும்? எல்லாமே நல்ல மருந்துதாம்மா. ஒரே வயித்துல ஒரே நேரத்துல குடியிருக்க முடியாது, அவ்வளவுதான்."

மாமியார் பையை மூடிக்கொண்டார். பிறகு எர்னிதா ஒரு கேள்வி கேட்டார்.

"எங்கயாவது வெளியூர் போயிருந்தப்போ, வயிறு தொந்தரவே பண்ணாம இருந்ததுண்டா?"

இருந்தது. போன பெருநாளுக்குப் பிறகு தாய் வீட்டில் ஒரு வாரம். மிளகாயும் தேங்காய்ப்பாலும் மாட்டுக்கறியும் வெளுத்துக்கட்டினார். வயிறு குழந்தைபோலத் தூங்கியது. ஆனால் பக்கத்தில் மாமியார் உட்கார்ந்திருக்கிறார். அம்மா சமையலில் சுகம், உங்கள் சமையலில் நோய் என்று எந்த வாயால் சொல்வது?

"இல்லீங்க. எங்கயும் இல்ல" என்றார் மாலின்.

எர்னிதா அவர் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு மேலே சொல்லிக்கொண்டு போனார். "குடல்ல புண்ணோ கட்டியோ இல்ல. அதுக்குக் காது கொஞ்சம் கூர்மையாயிடுச்சு. சாதாரணமா நடக்கிறதெல்லாம் அதுக்குச் சத்தமாக் கேக்குது. மூளையும் அதுவும் ஓயாமப் பேசிக்கிறவங்க. ஒருத்தர் பயந்தா இன்னொருத்தரும் பயப்படுவாங்க. முழுசாப் போயிடும்னு சொல்ல மாட்டேன். அடக்கி வச்சுக்கலாம்."

வழி இதுதான். கொஞ்ச நாளைக்கு வெங்காயம், பூண்டு, தேங்காய்ப்பால், மிளகாய், பால், கோதுமை எதுவும் கூடாது. வயிறு அடங்கிய பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்து, எது வம்பு செய்கிறது என்று பார்க்க வேண்டும். சாப்பிடுவதற்கு முன் கண்ணை மூடி மெதுவாக மூச்சு விட வேண்டும். இஞ்சித் தண்ணீர் குடிக்கலாம். பின்னால், மூங்கில் குழாயில் உறைந்த எருமைத் தயிரைக் கரண்டியளவு ருசி பார்க்கலாம்.

 வீடு திரும்பி அடுப்படிக்குப் போனதும் மாமியார் சட்டியிடம் பேச ஆரம்பித்தார்.

"வெங்காயம் வேணாமாம். தேங்காப்பால் வேணாமாம். மொளகா வேணாமாம். அப்புறம் எதுக்கு இந்த வீட்டுல அடுப்பு? அணைச்சிட்டு உக்காருவோம். இத்தன வருஷம் நான் போட்டதெல்லாம் வெஷம்னு இப்பத்தானே தெரியுது!"

"அம்மா, அவர் காதுல விழுது" என்றாள் யூலினார்.

"நான் சட்டிகிட்ட பேசுறேன்."

மாலின் கூடத்தில் தலையைக் குனிந்துகொண்டு ஊசியில் நூல் கோத்தார்.

ஆனால் ரோஸ்மானியார் கோபக்காரரே தவிர வீம்புக்காரர் அல்ல. இரண்டு நாள் வெறும் வேகவைத்த மீனை மாப்பிள்ளை முகம் சுளிக்காமல் விழுங்குவதைக் கதவிடுக்கில் பார்த்தார். தன் வீட்டில் ஒரு மனிதர் இப்படிச் சாப்பிடுவது அவருக்குத் தாங்கவில்லை. மூன்றாம் நாள் இஞ்சியும் மஞ்சளும் எலுமிச்சைப்புல்லும் தட்டி, ஆற்று மீனில் தடவி, கொடம்புளி இரண்டு துண்டு சேர்த்து, மஞ்சள் இலையில் பொதிந்து தணலில் வைத்தார். திறந்தபோது வீடே மணத்தது. மாலின் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். இந்தத் தடவை மரியாதைக்காக அல்ல.

இரண்டு வாரத்தில் வயிறு அடங்கிவிட்டது என்றே சொல்லலாம். முகம் தெளிந்தது. ஒருநாள் அதிகாலைத் தொழுகையில் நீளமான அத்தியாயம் ஒன்றை எடுத்து நிதானமாக ஓதினார். புஸ்தமாமின் காப்பி ஆறிப்போனதாகக் கேள்வி.

அப்போதுதான் துஆ விருந்துகள் தொடங்கின. ரமலானுக்கு முன் ஒவ்வொரு வீட்டிலும் இறந்தவர்களை நினைத்து மாலினை அழைத்து ஓதச் செய்வார்கள். ஓதி முடித்ததும் சாப்பாடு. அதைச் சாப்பிடாமல் எழுந்தால் ஓதியதே கணக்கில் சேராது என்று வீட்டுக்காரி மனம் உடைந்துபோவாள். ஒரே நாளில் ஐந்தாறு வீடு வரும். எல்லா வீட்டிலும் தேங்காய்ப்பால் குழம்பு, எல்லா வீட்டிலும் மிளகாய் அரைத்த இறைச்சி. மூன்று வருடத்தில் இந்த வயிறு வாங்கிய அடிகளில் பெரியவை எல்லாம் இந்த நாட்களில் வாங்கியவைதான்.

முதல் வீட்டுப் படியில் செருப்பைக் கழற்றவே நேரம் எடுத்துக்கொண்டார். ஓதி முடித்தார். சோற்றோடு அவர் முன்னால் வந்தது மஞ்சள் இலையில் பொதிந்த மீன். மற்றவர்களுக்கெல்லாம் சிவந்த குழம்பு. தற்செயல் என்று நினைத்துக்கொண்டார். இரண்டாவது வீட்டிலும் மஞ்சள் இலை. மூன்றாவது வீட்டில் பொட்டலத்தைப் பிரித்து வைத்த பெண், "வெங்காயம் சேக்கல, பயப்படாமச் சாப்பிடுங்க மாலின்" என்று அன்பாகச் சொன்னாள்.

மாலினுக்குக் காது மடல் சூடானது. மிச்ச வீடுகளை முடித்துக்கொண்டு எப்படி வீடு வந்து சேர்ந்தார் என்று அவருக்கே தெரியாது. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வீட்டில் குரலை உயர்த்தினார்.

"யூல்! ஊர் பூராவும் போய் என் வயித்தப் பத்திச் சொன்னது யாரு? என் மானத்த எதுக்கு இப்படித் தெருவுல போட்டீங்க? இனிமே நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு முன்னால நிப்பேன்?"

 அடுப்படியிலிருந்து ரோஸ்மானியார் ஈரக்கையோடு வந்தார். மகளையும் பார்க்கவில்லை, சட்டியையும் பார்க்கவில்லை.

"நான்தான் மாப்ள சொன்னேன். வீடு வீடாப் போயி, மீனு எப்படிப் பொதியணும்னு காட்டிக் குடுத்துட்டு வந்தேன்."

மாமியார் தன்னிடம் நேராகப் பேசுகிறார் என்பதிலேயே மாலினின் கோபம் பாதி தடுமாறியது.

"ஒங்க வயித்துக் கத ஊருக்கு மூணு வருஷமாத் தெரியும் மாப்ள. ஊருக்குத் தெரியாதுன்னு நீங்க நெனச்சிக்கிட்டு இருந்ததும் ஊருக்குத் தெரியும். மனுசன் சங்கடப்படுவாரேன்னுதான் எல்லாரும் வாய மூடிக்கிட்டு கொழம்ப ஊத்துனாங்க. நீங்களும் வாய மூடிக்கிட்டு குடிச்சீங்க. இது என்ன மரியாத? ஒருத்தர ஒருத்தர் கொல்ற மரியாத."

மாலின் சுவரோரம் உட்கார்ந்தார்.

"இன்னொன்னும் இருக்கு. ஒங்கம்மா வீட்டுல ஒரு வாரம் நல்லா இருந்தீங்களாமே? ஒங்க தங்கச்சி சந்தையில சொன்னா. டாக்டரம்மா கேட்டப்ப எதுக்கு இல்லேன்னீங்க?"

"நீங்க... பக்கத்துல இருந்தீங்க" என்றார் மாலின் தரையைப் பார்த்து.

"இருந்தா? நோயச் சொல்ற எடத்துல மாமியாருக்கு என்ன மரியாத? நான் அந்தம்மாவுக்கு போன் போட்டுச் சொல்லிட்டேன். 'அங்க என்ன சாப்பிட்டாரு'ன்னு கேட்டாங்க. எல்லாத்தையும் சாப்பிட்டாருன்னேன். 'அங்க யாரு தொழ வச்சது'ன்னு கேட்டாங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அங்க நீங்க பின்னால நின்னுதானே தொழுதீங்க?"

ஆமாம். ஒரு வாரமும் நடு வரிசையில், யாரோ ஒருவர் முதுகுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல் நின்று தொழுதார். அதை அவர் இதுவரை யோசித்ததே இல்லை.

"சமையல் கொஞ்சம்தானாம். மிச்சம் அந்தப் பயமாம். 'எது நடந்திடக்கூடாதுன்னு பயப்படுறாரோ, அது நடந்தா என்னதான் ஆகும்னு ஒரு தடவ அவரையே யோசிக்கச் சொல்லுங்க'ன்னாங்க. சொல்லிட்டேன். சோறு போடட்டுமா?"

மாலின் அன்று வெகுநேரம் யோசித்தார். யோசித்ததில் வயிறு மறுபடி உருண்டதுதான் மிச்சம். புத்திக்குப் புரிந்ததெல்லாம் குடலுக்கு உடனே புரிந்துவிடுவதில்லை.

ரமலான் பிறை தெரிந்த மாலை. ஊர் முழுவதும் இறைச்சி வறுபடும் வாசனை. மாலின் மஞ்சள் இலை மீனும் சோறும் அளவாகச் சாப்பிட்டு, மூச்சை எண்ணி இழுத்து விட்டு, பள்ளிவாசலுக்கு வந்தார். வருடம் முழுவதும் வராதவர்கள்கூட வந்திருந்தார்கள். திரைக்குப் பின்னால் பெண்கள் பக்கமும் நிறைந்திருந்தது. மாமியாரின் இருமல் கேட்டது. அவருக்கு நேர் பின்னால் பள்ளிக்கூட வாத்தியார் எரிஸோன் நின்றார், நன்றாக ஓதத் தெரிந்தவர். மாலின் வழக்கமான குத்தோடு வரிசையை நேராக்கச் சொன்னார். புஸ்தமாம் வழக்கம்போலக் கதவோரமாகவே நின்றார்.

ஒரு ரக்அத் என்றால் நின்று, குனிந்து, நெற்றி பதிக்கும் ஒரு சுற்று. இரண்டு இரண்டு ரக்அத்தாகத் தொழுகை நகர்ந்தது. முதல் இரண்டு நல்லபடியாக முடிந்தன. அடுத்த இரண்டும் முடிந்தன. மூன்றாவது தடவை எழுந்து நின்று, ஓதி, குனிந்தார். தகாததெல்லாம் சாப்பிட்ட நாட்களில் தப்பித்தவர், தகாதது ஒன்றுமே சாப்பிடாத இந்த மாலையில் மாட்டிக்கொண்டார். சத்தம் இல்லை. ஆனால் தொழுகை அவரை விட்டுப் போய்விட்டது என்பது அவருக்குத் தெரிந்தது.

மூன்று வருடம் பயந்த கணம் வந்தே விட்டது. இப்படியே தொடர்ந்து முடித்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்று ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது. பின்னால் நிற்பவர்களுடைய தொழுகையையும் கெடுப்பதா என்று அதை விரட்டினார். நிமிர்ந்தார். கையைப் பின்னால் நீட்டி எரிஸோனின் மணிக்கட்டைப் பிடித்து முன்னால் இழுத்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு, வரிசைகளின் ஓரமாக, கண்ணைத் தரையிலிருந்து எடுக்காமல் நடந்து வெளியே வந்தார். உள்ளே எரிஸோனின் குரல் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

தண்ணீர்த் தொட்டியின் பக்கம் ஏற்கெனவே ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். புஸ்தமாம். அவரும் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். யாரும் மூக்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

"மூக்குல ரத்தமா?" என்றார் மாலின் கடைசியில்.

"ஆமா. இருவது வருஷமாப் போவுது" என்றார் புஸ்தமாம். "ஒங்களுக்கு மூணு வருஷம்தானே? சின்னப் புள்ள."

 புஸ்தமாம் குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீரில் கையை நீட்டினார்.

"நடு வரிசையில நின்னா, வெலகி வர நாலு பேரத் தாண்டணும். அதான் கதவோரம். நீங்க செருப்புக்குக் காவல்னு சொல்றப்பெல்லாம் சிரிப்புத்தான் வரும். கோவமும் கொஞ்சம் வரும், பொய் சொல்லக்கூடாது."

"சொல்லியிருக்கலாமே?"

"நீங்க சொன்னீங்களா?"

மாலினுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. சிரிப்புதான் முந்தியது. புஸ்தமாமும் சிரித்தார். உள்ளே தொழுகை நடக்கிறதே என்று இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு, தண்ணீர் வழிய வழியச் சிரித்தார்கள். சிரித்து முடித்து ஒளு செய்து எழுந்தபோது மாலின் தன் வயிற்றைக் கவனித்தார். அது உருளவில்லை.

உள்ளே வந்தபோது அந்த இரண்டு ரக்அத் முடிந்திருந்தது. கதவோர வரிசையிலேயே, புஸ்தமாமின் பக்கத்தில் நின்றுவிடலாம் என்று நினைத்தார். ஆனால் அடுத்த தொழுகைக்கு யாரும் எழுந்து நிற்கவில்லை. எல்லோரும் உட்கார்ந்தே இருந்தார்கள். எரிஸோன் தன் பழைய இடத்துக்குத் திரும்பியிருந்தார். முன்னால் பச்சை விரிப்பு காலியாகக் கிடந்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை, ஒருவரும் அவசரப்படவில்லை. காத்திருந்தார்கள். திரைக்குப் பின்னால் மாமியார் ஒரு தடவை இருமினார்.

மாலின் ஓரமாக நடந்து போய் விரிப்பில் ஏறினார். எல்லோரும் எழுந்தார்கள். வழக்கம்போலத் திரும்பி நின்று, வரிசைகளைப் பார்த்தார். முன்னால் இரண்டு ஆள் நிற்கும் அளவுக்கு இடம் இருந்தது. வாய் பழக்கத்தில் திறந்தது. கதவோரம் புஸ்தமாம் தலையைக் குனிந்து, அந்தக் குத்துக்குத் தயாராக நின்றுகொண்டிருந்தார்.

"வரிசையை நேராக்குங்கள்" என்றார் மாலின். தொண்டையைச் செருமிக்கொண்டார். "கதவோரம் நிற்பவர்கள் அங்கேயே நில்லுங்கள்."